பனிவெளியில் ஒரு சாட்சியம்: நெடுந்தொலைப் பனிச்சறுக்கு ஓட்டத்தின் தோற்றம் பற்றி

நெடுந்தொலைப் பனிச்சறுக்கு ஓட்டத்தின் சரித்திரத்தை எழுதப் புகுவோர், ஸ்வீடன் தேசத்தில் 1922ஆம் ஆண்டு தொடங்கி இன்றளவும் பல்லாயிரவர் பங்குகொள்ளும் வாசலோப்பெட் ஓட்டத்தை முதலில் நிறுத்தி, அதற்கு முற்பட்ட யாவற்றையும் முன்னுரைபோலச் சொல்லிச் செல்வது இயல்பு. நார்வே நாட்டின் ஹூஸபியில் 1888இல் நிகழ்ந்த 50 கிலோமீட்டர் ஓட்டத்தை ஆதியாகச் சுட்டுவதும் உண்டு. ஆயினும், இவ்விரண்டுக்கும் முன்பே, 1884 ஏப்ரல் 3, 4 தேதிகளில், ஆர்க்டிக் வட்டத்தை ஒட்டிய யோக்மோக் என்னும் ஊரின் அருகிலிருந்து குவிக்யோக் வரை சென்று திரும்பிய 220 கிலோமீட்டர் ஓட்டம் ஒன்று உண்டு. அது விளையாட்டின் பொருட்டு எழுந்ததன்று. இரண்டு மனிதரின் வாக்கு மெய்யா என்று சோதிக்கும் பொருட்டு எழுந்தது என்பதும், அக்காரணத்தினாலேயே இத்துறையின் தோற்றுவாயாக அதனைக் கொள்ள வேண்டும் என்பதும் இக்கட்டுரையின் துணிபு.

வேகா கப்பலில் ஆசியாவின் வடகரையைக் கடந்து பெரும்புகழ் எய்திய அடால்ஃப் எரிக் நோர்டென்ஷெல்ட், கிரீன்லாந்தின் உட்பகுதியில் பனி மூடாத பசுநிலம் இருக்கக்கூடும் என்ற நம்பிக்கையுடன் 1883இல் அங்கே பிரயாணமானார். சறுக்குவண்டிகளை இழுத்துக்கொண்டு மேலே செல்ல இயலாத நிலை வந்தபோது, உடன் வந்த சாமி இனத்தார் இருவரை, பாவ்வா லார்ஸ் துவோர்தாவையும் அந்தெர்ஸ் ராஸாவையும், பனிச்சறுக்குக் கட்டைகளில் கிழக்கு நோக்கி அனுப்பினார். 57 மணி நேரத்தில் திரும்பிய அவ்விருவரும் போக 230, வர 230 ஆக 460 கிலோமீட்டர் கடந்ததாகவும், கண்ணுக்கெட்டிய வரையில் பனியேயன்றி வேறொன்றும் இல்லையென்றும் உரைத்தனர். அவர்களை அனுப்பியவருடைய நம்பிக்கைக்கு மாறான செய்தியையே அவர்கள் கொண்டுவந்தனர் என்பது கவனிக்கத்தக்கது. எஜமானரை மகிழ்விக்கப் புனைந்துரைப்பவர் பசுமையைக் கண்டதாகச் சொல்லியிருப்பரேயன்றி வெறுமையைச் சொல்லியிரார். எனினும் அத்தூரத்தை அந்நேரத்தில் மனிதர் கடத்தல் இயலாது என்று ஐயுற்றோர் பலர். ஆப்த வாக்கியம் என்று ஏற்கப்படுதற்கு வேண்டிய தகுதியை, கலைமான் மேய்க்கும் குடியிற் பிறந்தோருக்கு அக்காலக் கற்றோர் உலகம் எளிதில் வழங்கவில்லை என்றே நான் கருதுகிறேன்.

ஐயத்தைத் தீர்க்க நோர்டென்ஷெல்ட் கண்ட வழியே யோக்மோக் ஓட்டம். லூலே ஆற்றுப் பள்ளத்தாக்கில் ஒன்றன்பின் ஒன்றாக அமைந்த ஏரிகளின் உறைந்த பரப்பு, அதன் தடத்தின் பெரும்பகுதி. ஏப்ரல் மாதத்தில் அப்பிரதேசத்தின் பனி பகலில் இளகி இரவில் இறுகுவது. இறுகிய மேலோட்டின்மீது கட்டை வழுக்கிச் செல்லும். இளகியபோதோ ஒவ்வோர் அடியும் பாரமாகும். இத்தகைய பனியில் துவோர்தா 21 மணி 22 நிமிடத்தில் ஓடி முடித்து முதல்வரானார். அவருக்குப் பின் வந்த பேர் ஊலோஃப் லேன்தா பிந்தியது 5 விநாடி மட்டுமே! 220 கிலோமீட்டரைக் கடந்த பின்னர் இருவர்க்கிடையே நின்ற இடைவெளி ஒரு மூச்சளவினது என்னும்போது, கிரீன்லாந்தில் நிகழ்ந்தது ஒரு தனிமனிதனின் அதிசயமன்று, ஒரு குடியின் அன்றாட ஆற்றல் என்பது விளங்கும்.

இதனால் நிரூபணமானது யாது? மணிக்குப் பத்துக் கிலோமீட்டருக்குச் சற்று மிகுந்த அவ்வேகத்தில் 460 கிலோமீட்டரைக் கடக்க ஏறத்தாழ 45 மணி போதும். 57 மணியில் 12 மணி ஓய்வுக்கு எஞ்சும். ஆகவே அது கூடும் என்பது உறுதியாயிற்று. ஆனால் கூடும் என்பதிலிருந்து நிகழ்ந்தது என்பதைப் பெறுதல் தர்க்க நெறிக்கு ஒவ்வாது. ஏரிப்பனி சமதளம், கிரீன்லாந்துப் பனியோ ஏற்றம். முன்னது ஊரார் அறிந்த வழி, பின்னது அளப்பாரற்ற வெளி. கற்றோர் சபையில் தீராத வழக்கை உடலின் பிரத்தியட்சத்தைக் கொண்டு தீர்க்க முயன்றதே அந்நிகழ்ச்சியின் சிறப்பு. தீர்ப்பு முழுமையானதென்று கொள்ள வேண்டிய அவசியம் நமக்கில்லை.

துவோர்தாவும் ராஸாவும் பனிமேட்டில் சென்று மீண்ட செய்தியை 1883இலேயே பத்திரிகை வாயிலாக அறிந்து, அப்பெருவெளியைக் கட்டைகளின் துணைகொண்டு கடக்கலாமென்று துணிந்த நார்வே நாட்டு ஆய்வுப் பயணி நான்சன், 1888இல் அதைக் கடந்தும் காட்டினார். அவரையும் சேர்த்து அறுவர் கொண்ட அக்குழுவிலும் சாமுவேல் பால்தோ, ஊலே ராவ்னா என்னும் சாமி இனத்தார் இருவர் இருந்தனர்.

வாசலோப்பெட்டின் பிறப்பு வேறு வகையினது. 1922 பிப்ரவரியில் பத்திரிகாசிரியர் அந்தெர்ஸ் பேர்ஸ் விடுத்த யோசனை, ஆறு வாரங்கள் நிறையுமுன் மார்ச் 19இல் செயலாகி, 119 பேர் சேலனிலிருந்து மூரா வரை 90 கிலோமீட்டர் ஓடினர். 7 மணி 32 நிமிடம் 49 விநாடியில் எர்ன்ஸ்ட் ஆல்ம் வென்றார். டென்மார்க் மன்னனுக்கு அஞ்சி ஓடிய குஸ்தாவ் வாசாவை மூரா மக்கள் முதலில் நம்பாது விடுத்து, பின்னர் பிறர் வாயிலாகச் செய்தி உறுதிப்பட்டதும் பனிச்சறுக்கில் வல்ல இருவரை அனுப்பி மீட்ட வரலாற்றின் நினைவு அது. நார்வேயின் பிர்கேபெய்னர் ஓட்டமும் 1206இல் காப்பாற்றப்பட்ட அரசிளங்குழந்தையின் நினைவாக 1932இல் எழுந்தது. ஓடுவோர் முதுகில் சுமக்கும் 3.5 கிலோகிராம் மூட்டை அக்குழந்தையைக் குறிப்பது. நினைவுகூர்தல் ஆண்டுதோறும் வேண்டப்படுவது. வழக்கோ தீர்ப்புடன் முடிவது. யோக்மோக் ஓட்டம் 2016 வரை மீண்டும் நடவாமைக்கு இவ்வேறுபாடே தலையாய காரணம் என்பேன்.

எனினும் வாசலோப்பெட்டிலும் ஒருமுறை சாட்சியப் பிரச்சினை எழுந்தது. 1923இல் மார்கித் நூர்தின் என்னும் பெண்மணி முழுத் தூரத்தையும் 10 மணி 9 நிமிடம் 42 விநாடியில் ஓடி முடித்தார். பலர் காண நிகழ்ந்தது அது. அளந்த பாதையில், கடிகாரத்தின் கணக்கில் நிகழ்ந்தது. துவோர்தாவின் கிரீன்லாந்துப் பயணத்துக்கு இல்லாதிருந்த சான்றுகள் யாவும் இதற்கு இருந்தன. இருந்தும் மறு ஆண்டே பெண்களுக்குத் தடை விதிக்கப்பட்டு, 1981 வரை அத்தடை நீடித்தது. துவோர்தாவின் வாக்கு மெய்யாவதில் நோர்டென்ஷெல்டின் சொந்தக் கீர்த்தியும் அடங்கியிருந்தமையால் அவருக்காக வாதாட ஒரு பெருமகன் கிடைத்தார்; மார்கித் நூர்தினின் ஓட்டத்தைத் தம் வழக்காக எடுத்துக்கொண்டு தடையை நீக்குவிக்க வல்ல பெருமக்கள் அன்று எவரும் முன்வரவில்லை.