நீலப் பட்டாம்பூச்சிச் செடி

நீலப் பட்டாம்பூச்சிச் செடி, பூவழகுக்காக வளர்க்கப்படும் ஆப்பிரிக்கப் புதர்ச்செடி. இதன் தாவரவியல் பெயர் ரோத்தெகா மிரிகாய்டெஸ். துளசியும் தேக்கும் அடங்கிய லேமியேசி குடும்பத்தைச் சேர்ந்தது. வெயிலைத் தாங்குவதால், திருவண்ணாமலை மாவட்டத்தின் வெம்பாக்கம் போன்ற சமவெளி ஊர்களின் வீட்டுத் தோட்டங்களுக்கு ஏற்றது.

வகைப்பாடு

இச்செடி நெடுங்காலம் கிளீரோடெண்ட்ரம் பேரினத்தில் வைக்கப்பட்டிருந்தது. 1998-இல் ஸ்டீன், மாபர்லி ஆகிய தாவரவியலாளர்கள் இதை ரோத்தெகா பேரினத்துக்கு மாற்றினர். தோட்டக்காரர்களிடையே கிளீரோடெண்ட்ரம் உகாண்டென்ஸ் என்ற பழைய பெயரும் வழங்குகிறது. சித்த மருத்துவத்தில் இருமலுக்கும் இரைப்புக்கும் பயன்படும் சிறுதேக்கு இதே பேரினத்தது.

அடையாளம்

செடி 1 முதல் 3 மீட்டர் வரை உயரும். கிளைகள் மெலிந்து வளைந்திருக்கும். கரும்பச்சை இலைகள் எதிரெதிராக அமைந்து, நுனிப்பக்கம் பல்விளிம்பு கொண்டிருக்கும். கசக்கினால் விரும்பத்தகாத வாடை வீசும்.

ஐயமின்றிக் காட்டிக்கொடுப்பது பூதான். கிளைநுனிக் கொத்தில் மலரும் ஒவ்வொரு பூவிலும் ஐந்து இதழ்கள். நான்கு வெளிர்நீலம், கீழுள்ள ஐந்தாவது அடர்ந்த ஊதாநீலம். நீண்டு வளைந்த மகரந்தத் தாள்கள் உணர்கொம்புகள் போல வெளியே நிற்பதால், சிறகு விரித்த பட்டாம்பூச்சியின் தோற்றம் கிடைக்கிறது.

குழப்பம் தரும் செடிகள்

பட்டாம்பூச்சிப் புதர் என்று உலகெங்கும் பேர்பெற்றது வேறொரு செடி: சீனாவைத் தாயகமாகக் கொண்ட பட்லெயா டேவிடி. அதன் சிறுபூக்கள் நான்கு மடல் கொண்ட குழல் வடிவின. நீண்ட கதிர்களில் நெருங்கிப் பூக்கும். இலையின் அடிப்புறம் வெண்மையாக இருக்கும். குளிர்ந்த தட்பவெப்பத்தில் செழிப்பது. ஐரோப்பாவில் தோட்டங்களை விட்டுத் தப்பி ரயில்பாதை ஓரங்களில் களையாகப் பரவியுள்ளது. வெண்கதிர் பூக்கும் பட்லெயா ஆசியாட்டிகா இந்திய மலைப்பகுதிகளில் இயல்பாக வளர்கிறது. வெம்பாக்கத்து வெயிலில் நட, குளிர் விரும்பும் டேவிடியை வாங்குவது வீண்செலவாகவே முடியும். எனவே வாங்குமுன் பூவைப் பார்ப்பது நல்லது. நீல இதழ்களுக்குப் பதில் கதிர்ப்பூ இருந்தால் அது பட்லெயா.

சிறுதேக்கின் பூவும் நீலப் பட்டாம்பூச்சிச் செடியின் பூவை ஒத்திருக்கும். ஆனால் சிறுதேக்கின் இலைகள் பெரியவை. விளிம்பு முழுதும் பற்கள் உண்டு. பூக்கொத்து நிமிர்ந்து கூம்பாக நிற்கும்.

வளர்ப்பு

காலை வெயிலும் பிற்பகல் நிழலும் விழும் இடம் உகந்தது; வீட்டின் கிழக்குப் பக்கம் பொருத்தம். செம்மண், மணல், மக்கிய தொழுவுரம் மூன்றையும் சம அளவில் கலந்து குழியை நிரப்பலாம். நீர் தேங்கினால் வேர் அழுகும். வடகிழக்குப் பருவமழையில் நீர் நிற்கும் தாழ்வான மனைகளில் மேடு கட்டி நட வேண்டும்.

முற்றிய பச்சைத் தண்டில் மூன்று நான்கு கணுக்கள் உள்ள துண்டை வெட்டி, ஈர மணலில் ஊன்றி நிழலில் வைத்தால் வேர் பிடிக்கும். ஆடி, ஆவணியில் நட்டால் அடைமழைக்கு முன் செடி ஊன்றிக்கொள்ளும். சித்திரை, வைகாசியில் தொட்டிச் செடிக்கு நாள்தோறும் நீர் வேண்டும். இவ்வட்டாரத்தில் எளிதில் கிடைக்கும் நிலக்கடலைத் தோலால் மூடாக்குப் போட்டால் ஈரம் நிற்கும்.

புதுக்கிளைகளில்தான் பூ வரும். ஆகவே மழைக்காலம் முடிந்து தை மாதத்தில் மூன்றில் ஒரு பங்கு கிளைகளை வெட்டிவிட வேண்டும். மாவுப்பூச்சி கண்டால் வேப்பெண்ணெய்க் கரைசல் தெளிக்கலாம்.

பட்டாம்பூச்சித் தோட்டத்தில் இதன் இடம்

இச்செடிக்குப் பெயர் தந்தது பூவின் வடிவமே. இதன் பூவமைப்பு, பெரிய தச்சன் தேனீக்களுக்கு ஏற்றது. பட்டாம்பூச்சிகளும் வந்து போகும். ஆனால் அவை ஓர் இடத்தில் தங்கிப் பெருகப் புழுக்களுக்கு உணவுச் செடி தேவை. எருக்கில் வெந்தய வரியன் பட்டாம்பூச்சியும், எலுமிச்சையிலும் கறிவேப்பிலையிலும் கறிவேப்பிலை அழகியும், சரக்கொன்றையில் கொன்றை வெள்ளையனும் முட்டையிடும். தேனுக்கு இட்லிப்பூ போதும். இவற்றோடு நீலப் பட்டாம்பூச்சிச் செடியையும் சேர்த்து நட்டு, புழு அரித்த இலைகளுக்கு மருந்தடிக்காமல் பொறுத்துக்கொள்ளும் வீட்டில்தான் உண்மையான பட்டாம்பூச்சித் தோட்டம் உருவாகும்.