மஞ்சளும் மார்புப் புற்றுநோயும்

1815ஆம் ஆண்டில் பிரான்சு தேசத்தில் வோகல், பெலத்தியே என்னும் இரசாயன அறிஞர் இருவர் மஞ்சட் கிழங்கின் நிறப்பொருளைப் பிரித்தெடுத்து, அதற்குக் குர்க்குமின் எனப் பெயரிட்டனர். அந்தப் பெலத்தியேதான் ஐந்து ஆண்டுகள் கழித்து, கவந்து என்பவருடன் கூடி, சிங்கோனாப் பட்டையிலிருந்து கொயினாவைப் பிரித்தெடுத்தார். கொயினா விரைவிலே மலேரியாக் காய்ச்சலுக்குரிய மருந்தாயிற்று. குர்க்குமினோ இரண்டு நூற்றாண்டுகள் கடந்தும் புற்றுநோய் மருந்துகளின் வாயிலிலே காத்து நிற்கின்றது.

இத்தாமதம் இரசாயன அறிஞருக்கு மட்டும் உரிய கவலையன்று. மார்பிலே கட்டியொன்று தென்பட்ட பெண்ணுக்கு அயலவர் கூறும் கைம்மருந்துகளுள் மஞ்சளும் ஒன்று. புண்ணுக்கு மஞ்சள் அரைத்துப் பூசி வளர்ந்த மக்களுக்கு அக்கூற்று நம்பத்தகாததாகத் தோன்றுவதில்லை.

பிரெஞ்சு அறிஞர் கண்டது தூய பொருளன்று; பிசின் போன்ற ஒரு கலவையே. 1870இல் தௌபே என்பவர் அதனைப் பளிங்குருவிற் பெற்றார். 1910இல் மிலொபெண்ட்ஸ்கா, கொஸ்தனெக்கி, லம்பே என்னும் மூவர் அதன் அமைப்பை அறிந்தனர். காபன் அணு 21, ஐதரசன் அணு 20, ஒட்சிசன் அணு 6 கூடிய மூலக்கூறு அது. 1949இல் அதற்குக் கிருமிகளை ஒடுக்கும் ஆற்றலுண்டு என்ற செய்தி வெளிவந்தது. ஆயினும் புற்றுநோயோடு அதனை இணைத்து நோக்கும் ஆராய்ச்சி வலுப்பெற நெடுங்காலம் சென்றது.

1985இல் கேரளத்துத் திருச்சூரிலுள்ள அமலா புற்றுநோய் ஆராய்ச்சி நிலையத்தில், குட்டன் என்பாரும் உடனுழைத்தோரும் மஞ்சட் சாற்றையும் குர்க்குமினையும் புற்றுக் கலங்களின் மீது சோதித்தனர். கலங்கள் மடிந்தன. இரண்டு ஆண்டுகளின் பின், உடலின் மேற்புறத்தே வெடித்த புற்றுப் புண்களுக்கு அதனைக் களிம்பாகப் பூசிப் பார்த்தனர். துர்நாற்றமும் அரிப்பும் பெரும்பாலோர்க்குத் தணிந்தன. புண்ணின் அளவு சிறுத்ததும் வலி குறைந்ததும் சிலருக்கே. நோயாளிக்கு அந்த ஆறுதல் சிறியதன்று. எனினும் நாற்றம் தணிதல் வேறு, நோய் தீர்தல் வேறு.

இதன்பின் உலகெங்கும் சோதனைகள் பெருகின. 1970இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாகாணத்தில், மார்புப் புற்றுநோய் கண்டிருந்த ஒரு கன்னியாஸ்திரீயின் நுரையீரலைச் சூழ்ந்து தேங்கிய நீரிலிருந்து எடுக்கப்பட்ட கலங்கள், எம்.சி.எப்.-7 என்ற பெயருடன் இன்றும் ஆய்வுகூடங்களில் வளர்ந்து வருகின்றன. அக்கலங்களின் பெருக்கத்தையும் குர்க்குமின் தடுத்தது. ஆனால், கண்ணாடிக் கிண்ணத்துக் கலத்தின் மேல் மருந்தை நேரே ஊற்றலாம். மனித உடலில் அது வயிற்றையும் குடலையும் ஈரலையும் கடந்தன்றோ கட்டியை அடைதல் வேண்டும்! குர்க்குமின் நீரிற் கரைவது அரிது. குடற்சுவரும் ஈரலும் அதனை விரைந்து மாற்றி வெளியேற்றிவிடுகின்றன.

1998இல் பெங்களூரில் நிகழ்ந்த ஆய்வொன்றில், நலமுடையோர் 2 கிராம் குர்க்குமின் உட்கொண்ட பின்னரும் அவர்தம் குருதியில் அது காணப்படவில்லை, அல்லது மிகச் சொற்பமாகவே காணப்பட்டது. மிளகிலுள்ள பைப்பரின் 20 மில்லிகிராம் சேர்த்தபோது, உடல் ஏற்ற அளவு ஏறக்குறைய 20 மடங்காயிற்று. மஞ்சளையும் மிளகையும் ஒன்றாய் அரைக்கும் அம்மிக்கு இது முன்னரே தெரியும் போலும்! எனினும், இல்லை என்னும் நிலைக்கு அண்மையான ஓர் அளவை 20 மடங்காக்கினும் வருவது சிறிதே. மேலும் மஞ்சட் தூளிற் குர்க்குமின் நூற்றுக்கு மூன்று பங்களவே உண்டு. அந்த 2 கிராமைச் சமையலிற் பெறுவதாயின் 65 கிராம் அளவு தூள் வேண்டும். எந்தக் கறி அதனைத் தாங்கும்?

வேறொரு குறையும் தெரியவந்தது. குர்க்குமின் ஒளிரும் இயல்புடையது. ஆதலால், ஒளியை அளந்து முடிவு கூறும் கருவிகள் சில, அதன் ஒளியையே மருந்தின் வெற்றியாகக் காட்டக்கூடும். 2017இல் அமெரிக்க ஆய்வாளர் சிலர் நூற்றுக்கு மேற்பட்ட மருத்துவப் பரிசோதனைகளை ஆராய்ந்து, போலி மருந்தோடு ஒப்பிட்டு முறையாக நடத்தப்பட்ட எதிலும் குர்க்குமின் வெற்றிபெறவில்லை என எழுதினர்.

காத்திருப்பின் விலை பெரிது. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக மருத்துவர் 2018இல் வெளியிட்ட ஆய்வின்படி, பரவாத நிலையிலிருந்த மார்புப் புற்றுநோய்க்கு வழக்கமான சிகிச்சையைத் தவிர்த்து மாற்று வைத்தியத்தை மட்டும் நாடியோர்க்கு, மரண அபாயம் மற்றையோரைவிட 5 மடங்குக்கு மேற்பட்டிருந்தது.

தாவரங்கள் கைவிட்டன என்பதன்று. 1962இல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாகாணக் காட்டில் யூ என்னும் மரத்தின் பட்டை ஆராய்ச்சிக்கெனச் சேகரிக்கப்பட்டது. அதிலிருந்து பெறப்பட்ட பாக்கிளிட்டாக்செல், 1994இல் மார்புப் புற்றுநோய்க்கு அங்கே அனுமதி பெற்றது. ஆனால் யூ மரத்தின் பட்டை எவர்க்கும் உணவன்று, நஞ்சு.

இவ்விரண்டு பொருள்களும் ஆர்மீனியாவிலே ஒன்றுகூடின. முற்றிப் பரவிய மார்புப் புற்றுநோயுடைய 150 பெண்கள் பங்குகொண்ட அச்சோதனையின் பெறுபேறு 2020இல் வெளியாயிற்று. பாக்கிளிட்டாக்செல்லுடன் குர்க்குமின் பெற்றோருள் நூற்றுக்கு 51 பேருக்குக் கட்டி சுருங்கியது. போலி மருந்து பெற்றோருள் 33 பேருக்கே சுருங்கியது. நம்பிக்கை தரும் வேறுபாடுதான். ஆயினும் அங்கே குர்க்குமின் வாய்வழி செல்லவில்லை. வாரந்தோறும், 12 வாரங்கள், நாளத்தின் வழியே குருதியிற் செலுத்தப்பட்டது. அப்பெண்களுள் ஒருவரேனும் பாக்கிளிட்டாக்செல் இன்றி விடப்படவில்லை.