சப்பாத்திக்கள்ளி எங்கிருந்து வந்தது?

குற்றாலத்துக்கு வர்ற பட்டணத்துக்காரங்க சப்பாத்திக்கள்ளிப் பழத்தைப் பார்த்ததும், "இது நம்ம பாரம்பரியப் பழமாச்சே"ன்னு சொல்றாங்க. பழம் நல்ல பழம்தான், மறுக்கலை. ஆனா செடி நம்ம ஊருது இல்லை.

ஒடிச்சுப் பார்த்தாலே தெரிஞ்சிரும். நம்ம சதுரக்கள்ளி பால் வடிக்கும். சங்கப் பாட்டுல வர்ற கள்ளியும் பால்கள்ளிதான். சப்பாத்திக்கள்ளியில பால் கிடையாது, கொழகொழன்னு தண்ணிதான். தட்டை மடல், மஞ்சள் முள், மஞ்சள் பூ, கருஞ்சிவப்புப் பழம். நாகதாளின்னும் சொல்லுவாங்க. பெரிய முள்ளைக் கூட பிடுங்கிடலாம். அதுக்கு அடியில மயிர் மாதிரி கொத்தா இருக்கிற சுணை கையில ஏறுனா லேசுல போகாது.

இதோட சொந்த ஊர் கரீபியன் தீவுகளும் மெக்சிகோ வளைகுடாக் கரையும். மணலும் வெயிலும் உப்புக்காத்தும் பழகின செடி. அதனால அருவிப் பக்கத்து ஈரக்காட்டுல தேடிப் பிரயோசனம் இல்லை. குத்துக்கல்வலசையில இருந்து கிழக்கே பாவூர்சத்திரம், ஆலங்குளம்னு போகப் போக வர்ற மானாவாரிப் பொட்டல்லயும் பழைய வேலியிலயும் பாருங்க.

கள்ளி மேல வெள்ளைக்காரனுக்கு ஆசை வந்தது சாயத்துக்காக. கள்ளியில வாழுற ஒரு பூச்சியை நசுக்கினா ரத்தச் சிவப்பா சாயம் வரும். மெக்சிகோவை ஆண்ட ஸ்பெயின்காரங்க அதைப் பொத்திப் பொத்தி வச்சு வித்தாங்க. அதை உடைக்கணும்னு கம்பெனியோட டாக்டர் ஜேம்ஸ் ஆண்டர்சன் சைதாப்பேட்டையில கள்ளித் தோட்டமே போட்டார். 1795-ல கேப்டன் நீல்சன்னு ஒருத்தர் பிரேசில்ல இருந்து கல்கத்தாவுக்குப் பூச்சி கொண்டுவந்தார். வந்தது மட்ட ரகம். சாயம் தேறலை. வேற ஒரு வகைக் கள்ளியை மட்டும் தின்னு தீர்த்துச்சு. நாகதாளியை அது தொடவே இல்லை.

பிறகு என்ன, நாகதாளி காடாப் பெருகிருச்சு. முள்ளுக்குப் பயந்து ஆடுமாடு வாய் வைக்காது. பழத்தைத் தின்ன பறவை விதையைப் பரப்பும். வெட்டிப்போட்டா விழுந்த துண்டு ஒவ்வொண்ணும் வேர் விடும். வெட்டுறவன் நட்டுட்டுப் போன கதைதான். மேய்ச்சல் நிலம், பாதை, தரிசு எல்லாம் போச்சு.

1926-ல இலங்கையில இருந்து அதே இனத்துல இன்னொரு பூச்சியைக் கொண்டுவந்து விட்டாங்க. அது நாகதாளியையே பிடிச்சுக்கிச்சு. அஞ்சாறு வருஷத்துல தென்னிந்தியாவுல சுமார் 40,000 ஹெக்டேர், அதாவது கிட்டத்தட்ட ஒரு லட்சம் ஏக்கர், வெளுத்துருச்சு. பயிர்பச்சைக்கு ஒரு கெடுதலும் இல்லை. மருந்துக்கடை இல்லாத காலத்துல நடந்த வேலை இது!

இன்னைக்கு மிஞ்சி நிக்கிறது அந்தப் பூச்சிக்குத் தப்பினது. மாடித்தோட்டத்துக்கு மடல் கேக்குறவங்களுக்கு நான் பழம் மட்டும்தான் தர்றேன். வேலியோரக் கள்ளியில வெள்ளையா பஞ்சு ஒட்டியிருந்தா, குச்சியால நசுக்கிப் பாருங்க. சிவப்பா வந்தா அந்தப் பூச்சிதான். அதுக்கு மருந்து அடிச்சிராதீங்க.