அமைதியான வளைகுடாவும் கரி விற்ற தளபதியும்

வியட்நாம் போகிறோம் என்றதும் தெரிந்தவர்கள் எல்லோரும் சொன்னது ஒன்றுதான்: "ஹாலோங் வளைகுடாவை விட்டுவிடாதீர்கள்." மகன் மட்டும், "அப்பா, அங்கே ஒரே கூட்டமாக இருக்கும். பக்கத்திலேயே பாய் து லாங் என்று இன்னொரு வளைகுடா இருக்கிறது. உங்களுக்கும் அம்மாவுக்கும் அதுதான் சரிப்படும்" என்று சொல்லி, ஓரிரவுக் கப்பல் பயணத்துக்குப் பதிவு செய்துவிட்டான்.

அவன் சொன்னது சரிதான். ஹோன் காய் படகுத்துறையிலிருந்து நண்பகலில் புறப்பட்டோம். பெரும்பாலான கப்பல்கள் தெற்கே, ஹாலோங்கின் நடுப்பகுதிக்குத் திரும்பின. எங்கள் கப்பல் வடகிழக்காகப் போனது. ஒரு மணி நேரத்தில் மற்ற கப்பல்கள் கண்ணில் படுவது நின்றுவிட்டது. பச்சை நிறக் கடல். அதற்குள்ளிருந்து செங்குத்தாக எழும் சுண்ணாம்புக்கல் குன்றுகள். குன்றுகளின் உச்சியில் புதர்கள். வேறொன்றும் இல்லை.

மாலையில் வுங் வியெங் என்ற மிதக்கும் மீனவ கிராமத்தில் ஒரு பெண்மணி எங்களை மூங்கில் படகில் ஏற்றித் துடுப்புப் போட்டார். இங்கே குடியிருந்த குடும்பங்களை 2014ல் அரசு கரையில் குடியமர்த்திவிட்டதாம். இப்போது வேலைக்காக மட்டும் வந்து போகிறார்கள். "என்ன அமைதி, பாருங்கள்" என்றாள் என் மனைவி. நான் தலையாட்டினேன். ஆனால் ஊரிலிருந்து கிளம்பும் முன் கொஞ்சம் படித்துவிட்டு வந்ததால், இந்தத் தண்ணீர் எப்போதும் இப்படி இருந்ததில்லை என்று எனக்குத் தெரியும். இரவு மேல்தளத்தில் உட்கார்ந்து அவளுக்குச் சொன்ன கதையை உங்களுக்கும் சொல்கிறேன்.

இந்தத் தீவுக் கூட்டத்தில்தான் 1149ல் லீ ஆன் தோங் என்ற அரசர் வான் டோன் துறைமுகத்தை ஏற்படுத்தினார். ஜாவாவிலிருந்தும் சயாமிலிருந்தும் வணிகக் கப்பல்கள் வந்தன. அந்நிய வணிகர்களைத் தலைநகருக்குள் விடாமல், கடலோரத் தீவுகளிலேயே நிறுத்தி வியாபாரம் செய்ய வைத்தார்கள். காசும் வரும், நாட்டின் உள்விவரமும் வெளியே போகாது. இங்குள்ள குவான் லான் தீவின் பழைய துறைக்கரையில் அக்காலத்துப் பீங்கான் ஓடுகள் இன்னும் கிடைக்கின்றன.

அடுத்த நூற்றாண்டில் குப்லாய் கானின் மங்கோலியப் படை வந்தது. நம் ஊர்க்காரர்களுக்கும் இந்தப் பேரரசர் அந்நியரல்ல. சீனத்தின் சுவான்சௌ துறைமுகத்தில் 1281ல் தமிழ் வணிகர்கள் சிவன் கோயில் கண்டது அவருடைய ஆட்சியில்தான். அங்கு கிடைத்த தமிழ்க் கல்வெட்டு கானின் ஆணையையே குறிப்பிடுகிறது. அப்படி வணிகருக்கு இடம் கொடுத்தவர், தன்னைப் பணியாத நாட்டின் மீது படை அனுப்பத் தயங்கவில்லை. 1287 இறுதியில் தொடங்கியது மூன்றாவது படையெடுப்பு. மகன் தோகன் நிலவழியாக வந்தான். தளபதி ஓமர் போர்க்கப்பல்களோடு கடல்வழியாக வந்தான். அவனுக்குப் பின்னால் சாங் வென்ஹு என்பவனின் பொறுப்பில் தானியக் கப்பல்கள் வந்தன. முந்தைய படையெடுப்பில் சோறில்லாமல் தவித்த அனுபவம் அவர்களுக்கு இருந்தது. அதனால் இந்த முறை தானியத்தைக் கூடவே கொண்டுவந்தார்கள்.

வான் டோனைக் காக்கும் பொறுப்பு திரான் கான் தூ என்ற தளபதியிடம் இருந்தது. இவர் கதைதான் விசேஷம். அரச குடும்பத்தைச் சேர்ந்த இவர், இன்னொரு இளவரசரின் மனைவியோடு தகாத உறவு வைத்து மாட்டிக்கொண்டார். அடித்தே கொல்லும்படி தண்டனை. ஆனால் உயிர் போகாமல் அடிக்கும்படி ரகசியமாகச் சொல்லியனுப்பப்பட்டதால் பிழைத்தார். பதவியும் சொத்தும் போயின. கிராமத்துக்குப் போய்க் கரி விற்றுப் பிழைத்தார். 1282ல் அரசர் திரான் நான் தோங் ஆற்றங்கரையில் போர் ஆலோசனை நடத்திக்கொண்டிருந்தபோது, ஓலைத்தொப்பியும் குட்டைச் சட்டையுமாக ஒருவர் கரிப்படகில் போவதைப் பார்த்து அடையாளம் கண்டுகொண்டார். கூப்பிட்டு மன்னித்துப் படைப் பொறுப்பைத் திரும்பக் கொடுத்தார்.

அப்படித் திரும்ப வந்தவர், ஓமரின் போர்க்கப்பல்களைத் தடுக்க முயன்று தோற்றுப்போனார். ஓமர் உள்நாட்டை நோக்கிப் போய்விட்டான். அரசரின் தந்தையான மூத்த மன்னருக்குக் கடுங்கோபம். சங்கிலி போட்டு இழுத்துவர ஆள் அனுப்பினார். வந்த தூதரிடம் தளபதி ஒன்றே ஒன்று கேட்டார்: சட்டப்படி நான் குற்றவாளிதான். ஆனால் இரண்டு மூன்று நாள் அவகாசம் கொடுங்கள், அதன்பிறகு என் தலையை வெட்டினாலும் தாமதமாகிவிடாது.

தூதர் கொடுத்தார்.

தளபதியின் கணக்கு எளிமையானது. போர்க்கப்பல்கள் முன்னால் போய்விட்டன. பின்னால் பாரம் ஏற்றிய தானியக் கப்பல்கள் வந்தாக வேண்டும். வழி சுத்தமாகிவிட்டது என்று நினைத்துக் காவல் இல்லாமல்தான் வரும். அப்படியே வந்தன. மிச்சமிருந்த படகுகளைத் திரட்டித் தாக்கினார். தானியத்தில் பெரும்பகுதி கடலுக்குள் போனது. ஆயுதமும் உணவும் ஏராளமாகப் பிடிபட்டன. சாங் வென்ஹு ஹைனான் தீவுக்குத் தப்பி ஓடினான்.

மூத்த மன்னர் பழைய குற்றத்தை மன்னித்தார். பிறகு அவர் செய்ததுதான் கெட்டிக்காரத்தனம். பிடிபட்ட கைதிகளைக் கொல்லாமல், தோகனின் முகாமுக்கே அனுப்பிவைத்தார். தானியம் வராது என்ற செய்தி எதிரிக்கு எதிரியின் வாயாலேயே போகட்டும் என்று. பசியோடு படை பின்வாங்கத் தொடங்கியது. 1288 ஏப்ரலில் பாக் தாங் ஆற்றில் திரான் ஹுங் தாவ் கூர்மரங்களை நட்டுவைத்துக் காத்திருந்தார். நீர் வற்றியபோது ஓமரின் கப்பல்கள் அவற்றில் சிக்கின. ஓமரும் பிடிபட்டான். வியட்நாம் பள்ளிக் குழந்தைகளுக்கெல்லாம் பாக் தாங் தெரியும். அதற்கு வழிவிட்டது இந்தத் தீவுகளுக்கு நடுவே முழுகிய தானியம்.

இதைச் சொல்லும்போது எனக்கு வேறொன்று நினைவு வந்தது. நான் வேலை பார்த்த தொழிற்சாலையில் ஸ்டோர்ஸ் பிரிவுக்கு நான் பொறுப்பு. 1987ல் ஒரு லாரி மூலப்பொருள் வந்து சேரவில்லை. உற்பத்தி நிற்கும் நிலை. சரக்கை நான்தான் வெளியே விற்றுவிட்டேன் என்று பேச்சு கிளம்பியது. சஸ்பென்ஷன் உத்தரவு டைப் ஆகிவிட்டது. மேலதிகாரியிடம் போய், "சார், மூன்று நாள் கொடுங்கள்" என்றேன். அவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு உத்தரவை மேசை இழுப்பறையில் போட்டார். இரண்டாம் நாள், மாநில எல்லைச் சோதனைச் சாவடியில் காகிதம் சரியில்லை என்று நிறுத்தி வைத்திருந்த லாரியைக் கண்டுபிடித்தேன். அந்த இழுப்பறை மட்டும் இல்லையென்றால் என் பிள்ளைகளின் படிப்பு என்னவாகியிருக்கும் என்று இன்றும் யோசிப்பதுண்டு.

கான் தூவை நான் உத்தமர் என்று சொல்லவில்லை. 1479ல் தொகுக்கப்பட்ட வியட்நாம் வரலாற்று நூல் அவரது பேராசையையும் மறைக்காமல் எழுதியிருக்கிறது. வான் டோன் மக்கள் சீனர்களைப் போலவே உடுத்துகிறார்கள், எதிரியா நம்மவரா என்று தெரியவில்லை, அதனால் எல்லோரும் இன்ன ஊர் மூங்கில் தொப்பிதான் அணிய வேண்டும் என்று உத்தரவு போட்டார். அதற்கு முன்பே வீட்டாரை விட்டு அந்தத் தொப்பிகளை வாங்கிப் படகில் கொண்டுவந்து வைத்திருந்தார்! ஒரு காசுகூடப் பெறாத தொப்பி, கடைசியில் ஒரு சுருள் துணிக்கு விலை போனதாம். கொள்முதல் பிரிவில் இருந்தவர்களுக்கு இந்த வித்தை புரியும்.

இத்தனைக்கும் பிறகும் குவான் லான் தீவில் அவருக்குக் கோயில் இருக்கிறது. ஆண்டுதோறும் ஆறாம் சந்திர மாதத்தில் படகுப் போட்டியோடு திருவிழா நடக்கிறது. எங்கள் பயணம் அவ்வளவு தூரம் போகவில்லை. வழிகாட்டிப் பையன் கிழக்கே கையைக் காட்டி, "அந்தப் பக்கம்" என்றான்.

கதை முடிந்ததும் மனைவி கேட்டாள்: "அவகாசம் கொடுத்தாரே அந்தத் தூதர், அவர் பேர் என்ன?"

நான் படித்ததில் அந்தப் பெயர் இல்லை என்றேன். "உங்கள் மேலதிகாரிக்காவது ரிடையர் ஆனதும் போய் நன்றி சொன்னீர்களா?" என்றாள் அடுத்து.

சொல்லவில்லை. அவர் காலமாகிப் பன்னிரண்டு வருடமாகிறது. மேல்தளத்து விளக்கை அணைத்துவிட்டார்கள். குன்றுகள் இருட்டில் கறுப்பாக நின்றன. கொஞ்ச நேரம் இருவரும் பேசாமல் உட்கார்ந்திருந்துவிட்டுக் கீழே இறங்கினோம்.