ஆல்டமான்ட்: கேமராவுக்கு முன் ஒரு கொலை

ரோலிங் ஸ்டோன்ஸ் 2003 ஏப்ரலில் பெங்களூர் வந்து வாசித்ததை இன்னும் ஊர்த் திருவிழா மாதிரி பேசுகிற ஆட்கள் என் அலுவலகத்தில் உண்டு. அவர்களிடம் ஆல்டமான்ட் என்று சொன்னால் போதும். "சிம்பதி ஃபார் தி டெவில் பாடும்போது ஒருத்தனைக் கொன்னுட்டாங்களே, அதுதானே?" என்பார்கள். அந்தப் பாட்டு அதற்கு முன்பே முடிந்துவிட்டது. கத்தி பாய்ந்தபோது ஓடிக்கொண்டிருந்தது 'அண்டர் மை தம்ப்'. சாத்தான் பாட்டு என்றால் கதை ருசிக்கிறது, அதனால் அதுவே நிலைத்துவிட்டது.

சரி, விஷயத்துக்கு வருவோம். 1969 அமெரிக்கச் சுற்றுப்பயணத்தில் டிக்கெட் விலை ஏகத்துக்கு அதிகம் என்று ஸ்டோன்ஸ் மீது கெட்ட பேர். கடைசியில் சான் பிரான்சிஸ்கோ பக்கம் இலவசமாக ஒரு கச்சேரி என்று முடிவானது. கோல்டன் கேட் பூங்கா கிடைக்கவில்லை. சியர்ஸ் பாயின்ட் பந்தயத் திடலில், படம் எடுக்கும் உரிமை, பணம் என்று பேச்சு முறிந்தது. இரண்டு நாள்கூட மிச்சமில்லாத நேரத்தில் அகப்பட்டதுதான் ஆல்டமான்ட் கார் பந்தயத் திடல்.

இங்கே ஒரு சின்ன விஷயத்தைக் கவனியுங்கள். சியர்ஸ் பாயின்ட்டில் மேடை மேட்டின் மேல் இருக்கும், கூட்டம் கீழே நிற்கும். அதனால் ஒரு மீட்டர் உயரம் போதும் என்று திட்டம் போட்டிருந்தார்கள். அதே மேடையை ஆல்டமான்ட்டில் சரிவின் அடிவாரத்தில் கொண்டுவந்து போட்டார்கள். மூன்று லட்சம் பேர் என்று கணக்கு சொல்லப்படும் கூட்டம், மேலிருந்து அதன் மேல் வந்து அழுத்தியது. நம்மூர் பந்தல்காரர் யாரும் இதற்கு ஒப்புக்கொண்டிருக்க மாட்டார். மேடையைப் பார்த்துக்கொள்ள வந்தவர்கள் ஹெல்ஸ் ஏஞ்சல்ஸ் என்ற மோட்டார் சைக்கிள் கும்பல். கூலி, 500 டாலருக்கு பீர் என்று அப்போதிருந்தே சொல்கிறார்கள்.

டிசம்பர் 6. பகலிலேயே அடிதடி. ஜெஃபர்சன் ஏர்ப்ளேன் பாடகர் மார்ட்டி பாலினை மேடையிலேயே அடித்து மயக்கம் போட வைத்தார்கள். கிரேட்ஃபுல் டெட் குழு வாசிக்காமலே கிளம்பிவிட்டது. இருட்டிய பிறகு ஸ்டோன்ஸ் வந்தார்கள்.

மெரெடித் ஹன்டர், 18 வயது கறுப்பின இளைஞர், பச்சை நிற சூட். மேடையருகே ஏஞ்சல்ஸ் ஆட்களோடு கைகலப்பு. பின்வாங்கி ஓடியவர் கையில் துப்பாக்கி எடுத்தார். ஆலன் பஸ்ஸாரோ என்ற ஏஞ்சல் பாய்ந்து அவரைக் கத்தியால் குத்தினார். கீழே விழுந்த பிறகும் உதைத்தார்கள் என்று சாட்சிகள் சொன்னார்கள்.

மேஸல்ஸ் சகோதரர்களின் குழு அங்கே படம் எடுத்துக்கொண்டிருந்தது. அதில் இதுவும் பதிவானது. 'கிம்மி ஷெல்டர்' படத்தில், எடிட்டிங் மேசையில் அந்தக் காட்சியை மிக் ஜாகர் பார்ப்பதையும் காட்டுவார்கள்.

கேமரா சாட்சி இருந்தால் வழக்கு சுலபம் என்றுதானே நினைப்போம்? ஜூரிக்குப் படத்தைப் போட்டுக் காட்டினார்கள். கத்தி தெரிந்தது. ஹன்டருடன் வந்த பெண்ணின் வெளிர் நிற உடைக்கு எதிரே துப்பாக்கியின் கறுப்பு உருவமும் தெரிந்தது. தற்காப்பு என்று சொல்லி 1971 ஜனவரியில் பஸ்ஸாரோவை விடுதலை செய்தார்கள்.

கத்தி எடுத்தவருக்குத் தற்காப்பு என்றே வைத்துக்கொள்வோம். கீழே கிடந்தவரை உதைத்தவர்களுக்கு? அவர்களில் யார் மீதும் கொலை வழக்கு நடக்கவில்லை. குத்தியது இன்னொருவரும்கூட என்ற சந்தேகம் முப்பது வருஷத்துக்கு மேல் சுற்றிக்கொண்டிருந்தது. அலமேடா கவுண்டி ஷெரிஃப் அலுவலகம் படச்சுருளை மறுபடி ஆராய்ந்தது. இரண்டாவது ஆள் இல்லை என்று 2005-ல் கோப்பை மூடியது. பஸ்ஸாரோ அதற்கு இருபது வருஷம் முன்பே, 1985-ல், ஒரு நீர்த்தேக்கத்தில் பிணமாகக் கிடைத்திருந்தார்.

அன்று ஆல்டமான்ட்டில் செத்தவர்கள் மொத்தம் நாலு பேர். இருவர் மேல் கார் ஏறியது, ஒருவர் கால்வாயில் மூழ்கினார். அவர்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

ஹன்டரைப் பற்றி எல்லாரும் பேசினார்கள், ஆனால் வல்லேஹோ ஊர் கல்லறைத் தோட்டத்தில் அவர் புதைந்த இடத்தில் பெயர்க்கல்கூட இல்லை. 2006-ல் சாம் கிரீன் அதைப் பற்றி ஒரு குறும்படம் எடுத்தார். பார்த்தவர்கள் பணம் அனுப்பினார்கள். கல் வைத்தது 2008-ல்.