பனிப்புயலில் ஒரு காமிரா

1893-ஆம் ஆண்டு பிப்ரவரி 22-ஆம் தேதி. நியூயார்க்கின் ஐந்தாம் அவென்யூவில் கடும் பனிப்புயல். ஆல்ஃப்ரெட் ஸ்டீக்லிட்ஸ் என்ற 29 வயது இளைஞர், இரவல் வாங்கிய ஒரு கைக்காமிராவுடன் தெருவில் மூன்று மணி நேரம் நின்றார். அப்படி நின்று எடுத்த படம்தான் 'குளிர்காலம், ஐந்தாம் அவென்யூ'. புகைப்படத்தின் சரித்திரத்தை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இதைச் சொல்லாமல் விடுவதில்லை. ஆனால் அந்த மூன்று மணி நேரத்தை ஒரு வீரச்செயலாகச் சொல்லிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறார்கள். எனக்கு அதில் திருப்தியில்லை. பனியில் நிற்பதே கலையாகிவிடுமென்றால், அந்தப் படத்தில் எதிரே வண்டியோட்டி வருகிறவன்தான் அன்றைய நியூயார்க்கின் பெரிய கலைஞன். அந்த மூன்று மணி நேரம் புகைப்படம் என்ற சாதனத்துக்கு என்ன செய்தது என்பதைத்தான் கேட்க வேண்டும்.

காமிரா பிறப்பிலேயே ஒரு வெயில்காலப் பிராணி. 1851-க்குப் பிறகு முப்பது ஆண்டுகளுக்கு அருகில் ஆட்சி செய்த ஈர கொலோடியன் முறையில், கண்ணாடித் தகட்டின்மேல் பசையை ஊற்றி, வெள்ளி உப்புக் கரைசலில் முக்கி, ஈரம் காயுமுன் படமெடுத்து, உடனே அதைக் கழுவியுமாக வேண்டும். வெளியூருக்குப் போகிறவன் இருட்டறையை ஒரு கூடாரமாகக் கூடவே சுமந்து போனான். மழையிலும் புயலிலும் இது நடக்கிற காரியமில்லை. போதாததற்கு அந்தத் தகடு ஒருவகை நிறக்குருடு. நீலமும் ஊதாவும்தான் அதற்கு நன்றாகத் தெரியும். பூமி சரியாக விழுந்தால் வானம் வெந்து வெறும் வெள்ளையாகிவிடும். வானத்தைப் பிடித்தால் பூமி கரியாகும். 1856-57 வாக்கில் பிரெஞ்சுக்காரர் குஸ்தாவ் லெ க்ரே எடுத்த கடல் படங்களில் சில, கடலுக்கு ஒரு நெகடிவும் வானத்துக்கு ஒரு நெகடிவுமாக இரண்டை ஒட்டவைத்து அச்சிடப்பட்டவை. ஒரே மேகக் கூட்டம் ஒன்றுக்கு மேற்பட்ட கடல்களின்மேல் நிற்கிறது. அன்றைய பார்வையாளர்கள் அதிசயித்த வானிலை தொடுவானக் கோட்டில் தைக்கப்பட்ட வானிலை.

இந்த நிலை மாறியதற்கு மூன்று காரணங்கள். 1870-களின் கடைசியில் உலர்தகடு கடைக்கு வந்தது. 1873-இல் பெர்லினில் ஹெர்மன் ஃபோகெல், சில சாயங்களைச் சேர்த்தால் தகடு பச்சையையும் மஞ்சளையும் உணரத் தொடங்கும் என்று கண்டுபிடித்தார். 1880-களில் முக்காலி வேண்டாத கைக்காமிரா வந்தது. ஸ்டீக்லிட்ஸ் 1880-களில் பெர்லினில் படித்தது இதே ஃபோகெலிடம். ஆக, தகட்டின் குருட்டைப் பாதி நீக்கியவரின் மாணவர்தான் பனிப்புயலுக்குள் போனவர். ஆனால் ஒன்று சாத்தியமாகிவிட்டதால் மட்டும் யாரும் அதைச் செய்துவிடுவதில்லை. உலர்தகடு கைக்கு வந்த பிறகும், சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கட்டும் என்பதுதான் புகைப்படக்காரனின் பாலபாடம். தெளிவு ஒரு ஒழுக்கமாகவே கருதப்பட்டது.

இந்த ஒழுக்கத்தை முதலில் கேள்வி கேட்டவர் பீட்டர் ஹென்றி எமர்ஸன். மருத்துவம் படித்தவர். இங்கிலாந்தின் நார்ஃபோக் நீர்நிலைகளில் நாணல் அறுக்கிறவர்களையும் மீனவர்களையும் எடுத்துக்கொண்டிருந்தவர். கண் எல்லாவற்றையும் ஒரே கூர்மையில் பார்ப்பதில்லை, காமிரா மட்டும் ஏன் பார்க்க வேண்டும் என்று 1889-இல் ஒரு புத்தகமே எழுதினார். அடுத்த ஆண்டே, புகைப்படம் கலையல்ல என்று கறுப்பு பார்டர் போட்ட ஒரு துண்டுப் பிரசுரத்தில் தம் கொள்கைக்குத் தாமே கருமாதி நடத்தினார். வேடிக்கை என்னவென்றால், அவருடைய மிகச் சிறந்த படங்கள் அதற்குப் பிறகுதான் வந்தன. 1895-இல் வெளியான 'சதுப்பு நில இலைகள்' தொகுப்பில் மூடுபனி, உறைபனி, இலையுதிர்ந்த ஒன்றிரண்டு மரங்கள், மீதியெல்லாம் வெற்றுச் சாம்பல். கொள்கை செத்த பிறகு கண் உயிரோடிருந்தது. விமர்சனம் எழுதும் நாம் இதை அவ்வப்போது நினைத்துக்கொள்வது நல்லது. 1887-இல் ஒரு போட்டியில் நடுவராக இருந்து ஸ்டீக்லிட்ஸுக்கு முதல் பரிசு கொடுத்தவரும் இவர்தான்.

கறுப்பு வெள்ளைப் படத்தில் மோசமான வானிலை செய்கிற வேலையைச் சற்று நின்று பார்க்க வேண்டும். வெயிலில் ஒவ்வொரு பொருளும் தன் நிழலால் வெட்டப்பட்டுத் தனித்தனியாக நிற்கும். பக்கத்திலுள்ள கறுப்பும் தூரத்திலுள்ள கறுப்பும் ஏறக்குறைய ஒரே கறுப்பு. மூடுபனியில் அப்படியில்லை. காற்றில் மிதக்கும் நீர்த்துளிகள் வெளிச்சத்தைச் சிதறடித்துக் கண்ணுக்கும் பொருளுக்கும் நடுவில் ஒரு வெண்மையைப் போடுகின்றன. பத்தடியிலுள்ள குதிரை கறுப்பு. ஐம்பதடியிலுள்ள விளக்குக் கம்பம் சாம்பல். அதற்கப்பால் கட்டடம் இருப்பது ஒரு வதந்தி. தூரம் நிறமாக மாறுகிறது. நிறமே இல்லாத ஒரு சாதனத்துக்கு இதைவிடப் பெரிய வரவு வேறென்ன இருக்க முடியும்? பனி இன்னொன்றும் செய்கிறது. வழக்கமாக வானம் வெளுப்பு, தரை கறுப்பு. பனியில் தரை வெளுத்து வானம் இருள்கிறது. படத்தின் வெளிச்சம் கீழேயிருந்து வருகிறது. மழையோ தெருவையே கண்ணாடியாக்கி இரண்டாவது வானத்தைக் காலடியில் விரிக்கிறது. 1894-இல் ஸ்டீக்லிட்ஸ் எடுத்த பாரிஸ் மழைத் தெருப் படம் இந்தக் கடைசி விஷயத்தால்தான் நிற்கிறது.

'குளிர்கால'த்துக்குத் திரும்புவோம். வண்டிச் சக்கரங்கள் உழுத தடங்கள் முன்னாலிருந்து உள்ளே போகின்றன. அவற்றின்மேல் குதிரைகள் இழுத்து வரும் ஒரு கோச் வண்டி. ஓட்டுபவன் சாட்டையை ஓங்கியிருக்கிறான். இருபுறமும் கட்டடங்கள் கரைந்துகொண்டிருக்கின்றன. இந்த நெகடிவைப் பார்த்த சக அமெச்சூர் ஒருவர், மங்கலாக இருக்கிறது, தூக்கியெறி என்று சொன்னதாகப் பின்னாளில் ஸ்டீக்லிட்ஸே சொல்லியிருக்கிறார். அவர் எறியவில்லை. ஓரங்களை வெட்டி, ஒரு பகுதியை மட்டும் பெரிதாக்கி அச்சிட்டார். 1897-இல் கைக்காமிரா பற்றி எழுதிய கட்டுரையில் இதை அவர் மறைக்கவுமில்லை. இடத்தைத் தேர்ந்துகொள், கோடுகளையும் வெளிச்சத்தையும் படி, எல்லாம் கூடிவரும் வரை காத்திரு, பிறகு நெகடிவில் வேண்டியதை மட்டும் எடுத்துக்கொள். அவர் சொன்னதன் சாரம் இதுதான். ஆகவே இங்கே இயற்கை தந்ததை அப்படியே வாங்கிக்கொண்ட வெகுளித்தனம் எதுவுமில்லை.

ஒரு ஆட்சேபம் எழலாம். நியாயமான ஆட்சேபம்தான். ஸ்டீக்லிட்ஸ் வசதியான வீட்டுப் பிள்ளை. புயலுக்குள் தாமாகப் போனார். மூன்று மணி நேரத்தில் வீடு திரும்பினார். வண்டிக்காரனுக்கு அந்தத் தேர்வு கிடையாது. அவனுடைய கஷ்டம் இவருடைய அழகாகிவிட்டதா? அதே ஆண்டு அவர் எடுத்த 'முனையம்' படத்தை இதற்குப் பதிலாகச் சொல்வேன். டிராம் வண்டி இழுத்த குதிரைகள் கடைசி நிறுத்தத்தில் நிற்கின்றன. அவற்றின் உடம்பிலிருந்து ஆவி எழுகிறது. முதுகைக் காட்டியபடி ஒரு தொழிலாளி அவற்றைக் கவனித்துக்கொண்டிருக்கிறான். அந்த ஆவி ஒரு அலங்காரமில்லை, உழைத்த உடம்பின் சூடு. குளிர் இல்லாமல் அது கண்ணுக்குத் தெரிந்திராது. நல்ல வானிலையில் நாம் பார்க்கத் தவறுவதை மோசமான வானிலை காட்டிக்கொடுக்கிறது. ஆட்சேபம் இதனால் முழுக்கத் தீர்ந்துவிட்டது என்று சொல்லமாட்டேன். ஆனால் அது படத்துக்கு வெளியில் நின்று கேட்கிற கேள்வியாக இல்லாமல், படத்துக்குள்ளேயே வந்துவிடுகிறது.

பிறகு நடந்ததுதான் சோகம். பத்தாண்டுக்குள் மங்கல் ஒரு மோஸ்தராயிற்று. லென்ஸைக் குழப்பினார்கள். கோந்தில் நிறப்பொடியும் பைக்ரோமேட்டும் கலந்து காகிதத்தில் பூசி அச்செடுத்து, கழுவும்போது தூரிகையால் வேண்டாததை அழித்தார்கள். வெயில் நாளிலும் இருட்டறைக்குள் மூடுபனி இறங்கியது. 1904-இல் சதாகிச்சி ஹார்ட்மன் என்ற விமர்சகர், நேரான புகைப்படம் வேண்டும் என்று எழுதினார். கவிதை எழுதுகிறவர்களுக்கு இந்தக் கதை புதிதாக இராது. அனுபவத்தின் நெருக்கடியில் ஒரு கவிதை இருண்டுபோவது ஒன்று. இருண்மை மதிப்புக்குரியது என்று தெரிந்துகொண்டு விளக்கை ஊதி அணைப்பது வேறொன்று.

ஆனாலும் இந்தப் பாகுபாட்டை ஒரு சூத்திரமாக்கிவிட முடியாது. நியூயார்க்கின் ஃப்ளாட்அயர்ன் கட்டடத்தை ஸ்டீக்லிட்ஸ் 1903-இல் பனியில் எடுத்தார். முன்னால் ஒரு கறுத்த கவர்மரம், பின்னால் சாம்பலாக மிதக்கும் கட்டடம். 1904-இல் எட்வர்ட் ஸ்டைக்கன் அதே கட்டடத்தை ஈரத் தெருவுடன் அந்தி வேளையில் எடுத்து, அச்சின்மேல் கோந்து நிறங்களை ஏற்றினார். ஒவ்வொரு பிரதியிலும் அந்தி வேறு நிறம். என் வாதத்தின்படி ஸ்டைக்கன் தோற்றிருக்க வேண்டும். தோற்கவில்லை. அந்தப் பிரதிகளைக் காப்பாற்றி 1933-இல் மெட்ரபாலிடன் மியூஸியத்துக்குக் கொடுத்தவர் ஸ்டீக்லிட்ஸ்தான். ஸ்டைக்கனின் நிறம் ஏற்கனவே கண்ட ஓர் ஈரத்தின்மேல் ஏறியது, இல்லாத ஈரத்தை அது உற்பத்தி செய்யவில்லை என்று மட்டும் சொல்லி வைக்கிறேன். இதற்குமேல் எனக்குப் பதில் இல்லை.

ஸ்டீக்லிட்ஸ் 1903-இல் தொடங்கிய 'காமிரா வொர்க்' பத்திரிகை 1917-இல் நின்றபோது சந்தாதாரர்கள் நாற்பது பேர்கூட இல்லை. இது நமக்குப் பரிச்சயமான கணக்கு. 1922-இலிருந்து அவர் மேகங்களை எடுக்கத் தொடங்கினார். தம் படங்களின் பலம் எடுத்துக்கொண்ட விஷயத்தில் இல்லை என்று காட்ட, எல்லோருக்கும் இலவசமாகக் கிடைக்கும் மேகமே போதும் என்றார். 1924-இல் பாஸ்டன் நுண்கலை மியூஸியத்துக்குள் அவருடைய 27 படங்கள் நுழைந்தன. அதற்கு முயன்றவர் அங்கே இந்தியக் கலைப் பிரிவைக் கவனித்துவந்த, கொழும்பில் பிறந்த ஆனந்த குமாரசாமி. சோழர் கால நடராஜரைப் பற்றி எழுதிய கைதான் ஒரு இயந்திரத்தின் வேலையையும் கலை என்று கூடத்துக்குள் அழைத்துக்கொண்டது.

லெ க்ரே வானத்தைத் தைத்தார். ஸ்டீக்லிட்ஸ் கடைசியில் வானத்தை மட்டும் வைத்துக்கொண்டார். நடுவில் இருப்பது அந்த மூன்று மணி நேரம். அதில் அவர் காத்திருந்தது புயல் ஓய்வதற்காக அல்ல என்பதை மறந்துவிடக்கூடாது. புயல் இருக்கும்போதே அந்த வண்டி வருவதற்காக.