தேரைத் திருப்பும் கை

கோயில் தேருக்கு ஸ்டீயரிங் கிடையாது. அதன் அச்சுகள் அடித்தட்டோடு அசையாமல் பிணைக்கப்பட்டவை. குதிரைவண்டியில் முன்னச்சு சுழலும். மாட்டுவண்டியில் மாடு திரும்பினால் நுகத்தடியும் ஏர்க்காலும் வண்டியைத் திருப்பிவிடும். தேரை இழுப்பது ஊரே கூடிப் பிடிக்கும் வடம். கூட்டம் முன்னோக்கி இழுக்கும். பின்னால் வரும் தேர் வீதியின் எந்த ஓரத்துக்கு ஒதுங்குகிறது என்பது வடம் பிடித்தவர்களுக்குத் தெரியாது. அதைப் பார்த்துத் தேரின் போக்கை முடிவு செய்கிறவர்கள் சக்கரத்துக்கு ஒரு முழம் தள்ளி, கையில் முட்டுக்கட்டையோடு நடக்கும் சிலர்தான். தேரோட்டத்தைப் பற்றி எழுதப்பட்டவை ஏராளம். அவற்றில் இவர்களுக்குக் கிடைத்த இடம் மிகக் குறைவு.

புதுச்சேரியின் மேற்கே சங்கராபரணி ஆற்றங்கரையில் உள்ள வில்லியனூரில் திருக்காமீஸ்வரர் கோயில் தேரோட்டம் வைகாசிப் பிரம்மோற்சவத்தில் நடக்கிறது. அம்மன் பெயர் கோகிலாம்பாள். தெற்கே பாகூர் மூலநாதர் கோயிலிலும் தேர் ஓடுகிறது. வில்லியனூரில் 1877இல் தொடங்கிய லூர்து அன்னை திருத்தலத்தின் பெருவிழாவும் தேர்பவனியோடுதான் நிறைவு பெறுகிறது. ஆக, தேர் இழுப்பது இந்த வட்டாரத்தில் ஒரு சமயத்தாருக்கு மட்டும் உரிய வழக்கம் அன்று.

தமிழகத்தில் பெருந்தேர்களின் பழமைக்குக் கல்லிலேயே சான்று உண்டு. கடலூர் மாவட்டத்து மேலக்கடம்பூர்க் கோயில் முதலாம் குலோத்துங்கன் காலத்தில் சக்கரங்களும் குதிரைகளும் பூட்டிய தேர் வடிவில் கட்டப்பட்டது. 12ஆம் நூற்றாண்டின் தாராசுரத்திலும் முன்மண்டபம் தேராகவே நிற்கிறது. மரத்தேரை வீதியில் பார்த்துப் பழகிய சிற்பிகள்தான் இப்படிச் செதுக்கியிருக்க முடியும். விசயநகர, நாயக்கர் காலங்களில் தேர்கள் இன்னும் உயர்ந்தன, வீதிகளும் அவற்றுக்கேற்ப அகன்றன. உயரமும் எடையும் கூடக் கூட, மூலையில் தேரைத் திருப்பும் வேலையும் கடினமாயிற்று.

வில்லியனூர்த் தேரோட்டத்துக்கு அரசியல் வரலாறு ஒன்று தனியாக உண்டு. 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், டூப்ளே கவர்னராக இருந்தபோது, வில்லியனூரும் பாகூரும் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தன. அதே டூப்ளே ஆட்சியில்தான், 1748இல், புதுச்சேரி நகரத்து வேதபுரீஸ்வரர் கோயில் இடித்துத் தள்ளப்பட்டது. அப்படிப்பட்ட ஆட்சியின் கவர்னர்கள் பிற்காலத்தில் வில்லியனூருக்கு வந்து தேர்வடம் பிடித்தார்கள் என்பது எண்ணிப் பார்க்க வேண்டிய மாற்றம். பக்கத்துச் சென்னை மாகாணத்தில் நிலைமை நேர்மாறாகப் போயிற்று. அங்கே கும்பினி அதிகாரிகள் ஒரு காலத்தில் தேர் இழுக்கக் குடியானவர்களைக் கட்டாயமாக வரவழைத்தார்கள். பாதிரிமார் கிளப்பிய எதிர்ப்புக்குப் பின் அரசு படிப்படியாகக் கோயில் நிர்வாகத்திலிருந்து விலகியது. 1863ஆம் ஆண்டுச் சட்டம் அந்த விலகலை முழுமையாக்கிற்று. எல்லைக்கு அந்தப் பக்கம் அரசு வடத்தை விட்டுவிட, இந்தப் பக்கம் கவர்னரின் கை வடத்தைப் பற்றிக்கொண்டது. 1954 நவம்பர் 1ஆம் நாள் ஆட்சி இந்தியாவுக்கு மாறிய பின்னும் வழக்கம் மாறவில்லை. இன்று அந்த இடத்தில் துணைநிலை ஆளுநர் நிற்கிறார்.

வடம் பிடிப்பவருக்கு இவ்வளவு மரியாதை இருக்க, கட்டை போடுபவரைப் பற்றி ஆவணங்கள் பேசுவதில்லை. இந்த வட்டாரத்தில் கல்வியைப் பற்றிய ஆவணங்களுக்குப் பஞ்சமே இல்லை. நிருபதுங்கவர்ம பல்லவன் காலத்துப் பாகூர்ச் செப்பேடு, அங்கிருந்த வித்தியாஸ்தானத்துக்கு மூன்று ஊர்களைக் கொடையாக எழுதிவைத்தது. வில்லியனூருக்கு மேற்கே திருபுவனையில் 1048ஆம் ஆண்டு, இராசாதிராசன் காலத்துக் கல்வெட்டு ஒரு கல்லூரியில் 260 மாணவரும் 12 ஆசிரியரும் இருந்ததைச் சொல்கிறது. யாருக்கு எவ்வளவு நெல் என்பது வரை அளந்து எழுதியிருக்கிறார்கள். ஓதிப் படித்த கல்வி கல்லிலும் செம்பிலும் ஏறியது. கையால் கற்ற கல்வி அப்பனிடமிருந்து பிள்ளைக்குத் தேர்வீதியிலேயே கைமாறியது. இந்த இரண்டாவது கல்வியும் பதிவு செய்யத்தக்கது. இதில் இயக்கவியல் நிறைய இருக்கிறது.

முட்டுக்கட்டை ஆப்பு வடிவில் செதுக்கிய கனத்த மரத்துண்டு. எளிதில் பிளக்காது என்பதால் புளியமரத்தில் செய்வது வழக்கம். ஒரு முகம் சரிவாக இருக்கும், மறுபுறம் நீண்ட கைப்பிடி இருக்கும். கை சக்கரத்துக்கு அடியில் போய்விடக்கூடாது என்பதற்காகவே அந்த நீளம். தென்மாவட்டங்களில் இதைச் சறுக்குக்கட்டை என்பார்கள். இதன் வேலை இரண்டு. தேரை நிறுத்துவது ஒன்று, திருப்புவது மற்றொன்று. நிறுத்த வேண்டுமானால் இரு பக்கத்துச் சக்கரங்களுக்கும் ஒரே நேரத்தில் கட்டை விழ வேண்டும். ஒரு பக்கம் முந்திவிட்டால் தேர் நிற்பதற்குப் பதில் திரும்பிவிடும். அந்தக் குறையையே கருவியாக்கியதுதான் திருப்பும் வித்தை. வலப்பக்கம் ஒதுங்க வேண்டுமென்றால் வலச்சக்கரத்தின் முன் கட்டையைக் கொடுக்கிறார்கள். அந்தப் பக்கம் தயங்க, இடப்பக்கம் முன்னேறி, தேரின் முகம் வலப்புறம் திரும்புகிறது. சிறு திருத்தம் போதுமென்றால் கட்டையைச் சற்றே சாய்த்துச் சக்கரத்தின் விளிம்பில் மட்டும் வைப்பார்கள். சக்கரம் சரிவில் ஏறிப் பக்கவாட்டில் வழுக்கி இறங்கும்; சில விரற்கடை நகர்ந்தால் போதும்.

எவ்வளவு சாய்ப்பது, எப்போது உருவுவது என்பதில்தான் தேர்ச்சி இருக்கிறது. சக்கரம் கட்டையைத் தொட்ட கணத்தில் கைப்பிடி அதிர்கிறது. எடை முழுதும் ஏறிவிட்டால் அதிர்வு அடங்கிக் கட்டை இறுகுகிறது. சக்கரம் உருளாமல் தேய்ந்து வரத் தொடங்கினால் கைப்பிடி உள்ளங்கையில் நடுங்குகிறது. கூடவே மரம் முனகும் ஓசையும் மாறும். அனுபவசாலி அந்த நடுக்கம் தெரிந்ததுமே கட்டையை உருவிவிடுவார். புதியவர் இன்னும் ஒரு கணம் பிடித்துப் பார்ப்பார். அந்த ஒரு கணத்தில் கட்டை தெறிக்கவும் கூடும், தேர் குறுக்கே பாயவும் கூடும். வடம் பிடித்த ஆயிரம் பேரில் ஒருவருக்கும் இந்தச் செய்தி எட்டாது. தேர்த்தட்டில் நின்று துண்டு வீசுபவரும் விசில் ஊதுபவரும் கீழே இருப்பவரின் முகத்தைப் பார்த்துத்தான் கூட்டத்தை நிறுத்துகிறார்கள், இழுக்கச் சொல்கிறார்கள்.

நேர்வீதியைவிட மூலையில்தான் நேரம் பிடிக்கும். அசையாத அச்சுள்ள நான்கு சக்கர வண்டி செங்கோணமாகத் திரும்ப வேண்டுமானால் சக்கரங்கள் தரையில் பக்கவாட்டில் உரசியே ஆக வேண்டும். வடத்தைப் புதிய வீதியின் பக்கம் திருப்பி இழுக்க, உட்பக்கச் சக்கரங்களைக் கட்டை பிடித்துக்கொள்ள, வெளிப்பக்கம் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றி வரும். திருவாரூர் ஆழித்தேர் போன்ற பெருந்தேர்களுக்கு மூலையில் சக்கரத்தடியில் இரும்புத் தகடு விரித்துக் கிரீஸ் தடவி வழுக்கவிடுவதும் உண்டு. சக்கரத்தைப் பின்னிருந்து நெம்பும் நீண்ட மரங்களுக்குச் சன்னை, தடி என்று ஊருக்கொரு பெயர்.

20ஆம் நூற்றாண்டில் இந்தத் தொழிலுக்கு இயந்திரம் துணை வந்தது. சுமார் 300 டன் எடை கொண்ட திருவாரூர்த் தேர் 1948க்குப் பின் ஓடாமல் நின்றிருந்து, 1970இல் மீண்டும் ஓடியது. பின்னர் திருச்சி பெல் தொழிற்சாலை அதற்கு இரும்பு அச்சும் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் செய்து கொடுத்தது. தமிழ்நாட்டின் பல கோயில்களுக்கு அங்கிருந்து இரும்புச் சக்கரங்கள் போயின. மரச்சக்கரம் வெடித்து நடுவீதியில் நாட்கணக்கில் தேர் நிற்கும் தொல்லை குறைந்தது. நிறுத்தும் வேலையில் பெரும்பங்கைப் பிரேக் எடுத்துக்கொண்டது, உயிர்களையும் காத்தது. இந்த மாற்றத்தைக் குறைசொல்ல எவருக்கும் இடமில்லை. ஆனால் திருப்பும் வேலை இன்னும் கட்டையிடமே இருக்கிறது. இரும்புச் சக்கரம் கட்டைக்காரருக்குப் புதிய பாடத்தையும் வைத்தது: இரும்பு மரம்போல் முனகாது, சிமெண்ட் சாலையில் எளிதாக உருளும், வழுக்கத் தொடங்கினால் முன்னறிவிப்பும் குறைவு.

இதே கேள்வி, அதாவது சுமையைக் குறைக்கும் கருவி கைக்கு வரும் செய்தியையும் குறைத்துவிடுமா என்பது, மோட்டார் வாகன உலகில் கடந்த முப்பது ஆண்டுகளாகக் காரசாரமாகப் பேசப்படுகிறது. ஹைட்ராலிக் பவர் ஸ்டீயரிங் 1951இல் கிறைஸ்லர் இம்பீரியல் காரில் விற்பனைக்கு வந்தது. எஞ்சின் சுழற்றும் பம்பின் எண்ணெய் அழுத்தம் ஓட்டுநரின் கைக்கு உதவியது. 1988இல் சுசூகி செர்வோ என்ற சிறு காரில் எண்ணெய்க்குப் பதில் மின்மோட்டார் வந்தது. ஸ்டீயரிங் தண்டில் உள்ள மெல்லிய முறுக்குக் கம்பி எவ்வளவு முறுகுகிறது என்று உணரி அளக்கும். கணினி கணக்கிட்டு மோட்டாரை இயக்கும். பம்ப் எப்போதும் சுழன்று எரிபொருளைத் தின்னும், மோட்டாரோ திருப்பும்போது மட்டும் மின்சாரம் எடுக்கும். இந்தச் சிக்கனத்துக்காகவே உலகம் மின்முறைக்கு மாறியது.

எதிர்ப்பு வந்தது விளையாட்டுக் கார் பிரியர்களிடமிருந்து. வளைவில் டயர் தன்னை நேராக்கிக்கொள்ள முயலும் விசை ஸ்டீயரிங் சக்கரம் வரை வருகிறது. டயர் பிடிப்பின் எல்லையை நெருங்கும்போது அந்த விசை தளர்கிறது. கார் வழுக்குவதற்கு முன்பே கை லேசாகிறது; தேர்ந்த ஓட்டுநருக்கு அதுவே எச்சரிக்கை. மின்மோட்டாரின் நிலைமமும் பற்சக்கர உராய்வும் இந்த நுண்ணிய மாற்றங்களை வழியிலேயே விழுங்கிவிடுகின்றன. 1990இல் வந்த ஹோண்டா என்எஸ்எக்ஸ் மின்முறையை விளையாட்டுக் கார்களுக்குள் கொண்டுவந்தது. போர்ஷே 2011இல் தன் 911 வரிசைக்கு அதைப் பொருத்தியபோது சர்ச்சை உச்சத்துக்குப் போயிற்று. அதன்பின் மோட்டாரை ஸ்டீயரிங் தண்டிலிருந்து பல்தண்டுக்கே இறக்கியும், உராய்வைக் குறைத்தும், மென்பொருளைத் திருத்தியும் பொறியாளர்கள் இழந்த உணர்வில் பெரும்பகுதியை மீட்டிருக்கிறார்கள். மெக்லாரன் எண்ணெய் முறையையே கைவிடவில்லை. லோட்டஸும் எமிரா காரில் அதையே வைத்தது.

இந்த வரலாற்றில் புதுச்சேரிக் கிராமப்புறத்துக்கும் ஓர் இடம் உண்டு. கல்லூரிக் கல்வெட்டு உள்ள அதே திருபுவனைப் பகுதியில் ராணே (மெட்ராஸ்) நிறுவனத்தின் ஸ்டீயரிங் பாகங்கள் செய்யும் ஆலை இயங்குகிறது. 1929இல் சென்னையில் வாகன வணிக நிறுவனமாகத் தொடங்கிய ராணே குழுமம் பிறகு உற்பத்தியில் இறங்கி, இந்திய வாகனங்களுக்கு ஸ்டீயரிங் கியரும் இணைப்புத் தண்டுகளும் செய்து பெயர் பெற்றது. மின்முறை ஸ்டீயரிங்குக்காக ஜப்பானின் என்எஸ்கேயோடு சேர்ந்து தனி நிறுவனமும் நடத்தியது. விழுப்புரம் சாலையில் வில்லியனூரிலிருந்து மேற்கே போனால் இடையில் தமிழ்நாட்டுக் கண்டமங்கலத்தைத் தாண்டி மீண்டும் புதுச்சேரி எல்லைக்குள் நுழைந்து திருபுவனையை அடையலாம். பிரெஞ்சுக் காலத்து எல்லைக்கோட்டின் சிக்கல் அது.

காரை விற்பதற்கு முன் சோதனை ஓட்டம் நடத்துவதுபோல், புதிய தேருக்கும் செப்பனிட்ட தேருக்கும் வெள்ளோட்டம் உண்டு. தஞ்சைப் பெரிய கோயிலுக்குப் புதிய தேர் செய்து ஏறத்தாழ நூறாண்டுக்குப் பின் 2015 ஏப்ரலில் தேரோட்டம் நடத்தியபோதும், முதலில் சுவாமி இல்லாமல் வெள்ளோட்டம் விட்டார்கள். சக்கரத்தின் உறுதியும் பிரேக்கின் பிடிப்பும் அன்று தெரியும். அந்தத் தேர் இயல்பாக எந்தப் பக்கம் இழுக்கிறது, எந்த மூலையில் தரை சரிகிறது, எந்தக் கட்டைக்கு எவ்வளவு நேரம் கொடுக்க வேண்டும் என்பதையும் கட்டைக்காரர்கள் அன்றுதான் கையில் வாங்கிக்கொள்கிறார்கள். இரண்டு தேர்கள் ஒரே அளவில் செய்யப்பட்டாலும் ஒரேமாதிரி ஓடுவதில்லை; மரத்தின் கனமும் அச்சின் தேய்மானமும் வேறுபடும். கட்டைக்காரர் ஒரு தேரில் கற்றதை இன்னொரு தேரில் அப்படியே செய்துவிட முடியாது. அதனதன் வெள்ளோட்டத்தில் புதிதாகக் கற்றுக்கொள்ள வேண்டும்.